எது பொய் என்று யார் சொல்வது?

 

ஒரு தவறை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் "பிள்ளை பிடிகாரர் வேனில் திரிகிறார்கள்" என்று ஒரு குரல் பதிவு வட்ஸ்அப்பில் வந்தது. பெற்றோர் கவனமாக இருக்கட்டும் என்று நானும் வகுப்புக் குழுவுக்கு அனுப்பினேன். அன்று பின்னேரமே, புடவை விற்க வந்த ஒரு நானாவின் வேனைப் பொடியன்மார் மறித்துவிட்டார்கள். பொலிஸ் வந்துதான் அவரை மீட்டது. அடி விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பதிவை அழித்து மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அதற்குள் அது எத்தனை போனுக்குப் போனதோ!

"இதுக்கெல்லாம் சட்டம் வேணும் சேர்" என்றார் ஒரு தந்தை. சட்டம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு, பொய்யென்று கருதும் பதிவுகள் மீது நடவடிக்கை எடுக்க அது அதிகாரம் தருகிறது.

வதந்தியின் வலி நமக்குத் தெரியும். 2018இல் அம்பாறைக் கடையொன்றின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை என்றார்கள். பரிசோதித்தால் வெறும் மா. அதற்குள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டுவிட்டன.

ஆனால் 2020ஐ மறக்க முடியுமா? கொரோனா ஜனாஸாக்களை அடக்கினால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் எரித்தார்கள். அந்தப் பொய் வட்ஸ்அப்பில் வந்ததல்ல, வர்த்தமானியின் பலத்தோடு வந்தது. 2024இல்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அன்று இந்தச் சட்டம் இருந்திருந்தால், பொய் சொன்னவர் என்று யாரைப் பிடித்திருப்பார்கள்?

நம் மன்னாரின் அஹ்னாப் ஜஸீமும் ஓர் ஆசிரியர்தான். தமிழ்க் கவிதைகளில் தீவிரவாதம் இருப்பதாகச் சொல்லி 2020இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரைக் கைது செய்தார்கள். 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் விடுதலை செய்தது.

வன்முறையைத் தூண்டுபவரை நீதிமன்றம் தண்டிக்கட்டும். ஆனால் எது உண்மை என்று சொல்லும் வேலையை அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கொடுக்க எனக்குப் பயம். அப்படியானால் அந்தப் பொறுப்பு என் கையிலும் இருக்கிறது. செய்தி வந்தால் விசாரியுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத் சொல்வதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவன், அன்று ஒரு நிமிடம்கூட விசாரிக்கவில்லை.

அந்த நானா பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை. அவரைத் தெரிந்தவர்கள் என் ஸலாத்தைச் சொல்லுங்கள். நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.