எல்லை தாண்டும் லோக்கல்

சென்னை எம்.கே.பி. நகரில் இருப்பவர்களுக்கு வெளிமாநிலம் போக மூன்று வாசல்கள். திருப்பதி, பெங்களூர் என்றால் வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் வழியாகப் போகும் மேற்குப் பாதை. நெல்லூர், விஜயவாடா என்றால் கொருக்குப்பேட்டை வழியாகப் போகும் வடக்குப் பாதை. பஸ் என்றால் மாதவரம். 2018 அக்டோபரில் அந்த நிலையம் திறந்த பிறகு ஆந்திரா, தெலங்கானா பஸ்களில் பெரும்பாலானவை அங்கிருந்து கிளம்புகின்றன. தாம்பரத்துக்காரர் நெல்லூர் பஸ் பிடிக்க ஊரையே குறுக்கே கடந்து வர வேண்டும். நமக்கு அது பக்கம்.

*

மூன்றில் மிக மலிவானது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: சூலூர்பேட்டை லோக்கல். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று போய், ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் ஆந்திரா. அடுத்த நிலையம் தடா. சூலூர்பேட்டை வரை சுமார் 83 கிலோமீட்டர். ஓட்டலில் ஒரு மசால் தோசை தின்னும் காசுகூட ஆகாது. எல்லை கடந்ததற்காகத் தனிக் கட்டணமும் கிடையாது. கிலோமீட்டர் கணக்குதான்.

தினமும் போகிறவருக்கு சீசன் டிக்கெட் இன்னும் லாபம். 150 கிலோமீட்டர் வரை சீசன் எடுக்கலாம் என்பதால் சூலூர்பேட்டை தாராளமாக அதற்குள் அடங்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும், தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ் இல்லாவிட்டால் முதலில் போட வேண்டிய கணக்கு இது.

*

பெண்களுக்கு இலவச பஸ் இப்போது நம்மைச் சுற்றி எல்லா மாநிலத்திலும் பேச்சு. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் தொடங்கியது. கர்நாடகத்தில் 2023 ஜூன், தெலங்கானாவில் அதே ஆண்டு டிசம்பர், ஆந்திராவில் 2025 ஆகஸ்ட் 15. பெரிய உதவி, சந்தேகமே இல்லை. எம்.கே.பி. நகரிலிருந்து சென்ட்ரலுக்கோ மாதவரத்துக்கோ சாதாரண பஸ்ஸில் காசில்லாமல் போய்ச் சேரலாம். ஆனால் ஆந்திராவும் கர்நாடகமும் தங்கள் மாநிலத்தில் குடியிருக்கும் பெண்களுக்குத்தான் தருகின்றன. நம்முடைய சலுகை நகரப் பேருந்தோடு முடிகிறது. எல்லை தாண்டுகிற பஸ்ஸில் ஏறியதும் எல்லோருக்கும் முழு டிக்கெட். நாயுடுபேட்டையில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கு எந்த மாநிலச் சலுகையும் முழுதாக உதவாது. சூலூர்பேட்டை வரையாவது லோக்கல் ரயில் உதவும்.

*

பொது டிக்கெட் எடுப்பவர்கள் கவனிக்க:

199 கிலோமீட்டருக்குள் உள்ள ஊர் என்றால், டிக்கெட் எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். நெல்லூர், கூடூர், திருப்பதி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். காலையில் எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம் ஏறினால் அது டிக்கெட் இல்லாத பயணம்தான்.

சாதாரண வண்டிக்கு எடுத்த டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறக்கூடாது. சூப்பர்ஃபாஸ்ட் என்றால் அதற்குமேல் 15 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. அந்தப் பதினைந்து ரூபாயை விட்டுவிட்டு நூற்றுக்கணக்கில் அபராதம் கட்ட வேண்டாம்.

பெங்களூர் பக்கம் போகும் வண்டிகளில் பல பெரம்பூரில் நிற்கும். முன்பதிவு செய்தவருக்கு அது வசதி. பொதுப்பெட்டியில் உட்கார இடம் வேண்டுமென்றால் சென்ட்ரலுக்கே போய்விடுங்கள். பெரம்பூரில் வண்டி வரும்போது படிக்கட்டு நிரம்பியிருக்கும்.

*

பஸ் கணக்கு வேறு. ஆந்திர அரசு பஸ்ஸில் பல்லெ வெலுகு, எக்ஸ்பிரஸ், அல்ட்ரா டீலக்ஸ், சூப்பர் லக்சரி என்று படிப்படியாக ஏறும். காத்திருந்து ஒரு படி கீழே உள்ள வண்டியைப் பிடித்தால் குடும்பத்தோடு போகிறவருக்கு நல்ல மிச்சம். மூட்டை முடிச்சு, கைக்குழந்தை, வயதானவர் என்றால் ரயில் மலிவு என்று பிடிவாதம் பிடிக்க மாட்டேன். ரயிலில் மிச்சமான காசை இறங்குகிற ஊரில் ஆட்டோக்காரருக்குக் கொடுத்தால் என்ன பயன்? தினக்கூலிக்காரருக்கு இன்னொரு செலவும் உண்டு. மலிவான வண்டி அரை நாளைத் தின்றுவிட்டால், அரை நாள் கூலியையும் டிக்கெட்டோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

*

கடல் தாண்டுகிற பயணத்திலும் இதே கணக்குகள் உண்டு. பாரிஸில் லா ஷப்பல் பக்கம் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த தெருக்கள் உண்டு. அங்கிருந்து லண்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போக, 1994 முதல் கடலுக்கடியில் ஓடும் யூரோஸ்டார் ரயில் இருக்கிறது. கலே துறைமுகத்தில் கப்பலேறி டோவரில் இறங்கும் பஸ்ஸும் இருக்கிறது. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிவது பஸ்ஸில் ஒரு முழு இரவாகும். அங்கே தூரத்தைவிட, எத்தனை நாள் முன்னால் வாங்குகிறோம் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. கடைசி நாளில் வாங்கினால் பல மடங்கு.

அந்த வழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் இடம் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறும் முறை 2016 செப்டம்பரில் தொடங்கியது. பொங்கல், தீபாவளிக்கு ஆம்னி பஸ் விலை எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். ஜெர்மனியில் பிறந்த ஃபிளிக்ஸ்பஸ் 2024-ல் இந்தியாவுக்கு வந்து, அந்த ஆண்டு செப்டம்பரில் பெங்களூர்–சென்னைப் பாதையிலும் ஓடத் தொடங்கியது. முன்கூட்டித் திட்டமிட முடிந்தவருக்கு இதெல்லாம் லாபம். சாவுக்குப் போகிறவருக்கு, திடீரென்று வேலைக்குக் கூப்பிடப்பட்டவருக்கு, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவருக்கு இல்லை. அவர்களுக்கு எந்த நாளும் ஒரே விலை சொல்கிற சாதாரண அரசு பஸ்ஸும் பொதுப்பெட்டியும்தான் துணை.

ஐரோப்பாவில் எனக்குப் பிடித்த ஏற்பாடு வேறு. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த ஜெர்மன் மாதச் சீட்டு, பிறகு விலை ஏறினாலும், எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும். லக்ஸம்பர்க் 2020-லிருந்து நாடு முழுக்க பஸ், டிராம், ரயில் எல்லாவற்றையும் இலவசமாக்கிவிட்டது. முதல் வகுப்புக்கு மட்டும்தான் காசு.

*

நமக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. 1914-லிருந்து எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போக முடிந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இப்போது நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி கிளம்பியது. யாழ்ப்பாணம் போக எண்ணுகிறவர்கள் நாகை போய்ச் சேரும் செலவு, ஒரு இரவு தங்கும் செலவு இரண்டையும் கூட்டிய பிறகே சென்னை–யாழ்ப்பாணம் விமானத்தோடு ஒப்பிட வேண்டும்.

*

பொதுப்பெட்டிப் பயணத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2023 ஜூன் 2, பாலசோர் ரயில் விபத்து. நம் சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 290 பேருக்கு மேல் இறந்தார்கள். பொதுப்பெட்டியில் வந்தவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாததால், யார் என்று தெரியாமலே பல உடல்கள் மாதக்கணக்கில் காத்திருந்தன. துறைமுகத்துக்கும், எண்ணூர் ஆலைகளுக்கும், கட்டட வேலைக்கும் அந்த வண்டியில் வந்து சேர்கிறவர்கள் ஏராளம். பொதுப்பெட்டியில் ஏறும்போது எந்த வண்டி, எங்கே ஏறினேன் என்று வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சட்டைப்பையில் ஒரு சீட்டில் பெயரும் போன் நம்பரும் இருக்கட்டும்.

*

கும்மிடிப்பூண்டி வரை ஓடும் லோக்கல்களில் ஒரு பங்குதான் சூலூர்பேட்டை வரை போகிறது. அதற்கப்பால் நெல்லூருக்கு மெமு வண்டிகள் மிகக் குறைவு. தண்டவாளம் இருக்கிறது, மின்கம்பி இருக்கிறது, போக ஆளும் இருக்கிறார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் இன்னும் சில வண்டிகளை சூலூர்பேட்டை வரைக்கும், காலையும் மாலையும் ஒவ்வொன்றை நெல்லூர் வரைக்கும் தெற்கு ரயில்வே நீட்டித் தர வேண்டும். இந்தப் பாதையில் போய்வருகிற நீங்களும் உங்கள் நிலையத்துப் புகார் புத்தகத்தில் இதை எழுதி வையுங்கள்.