பிறப்பிடமும் வதிவிடமும்

கொழும்பிலே ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை அறிய விரும்புவோர் காலைப் பத்திரிகையின் மரண அறிவித்தற் பக்கத்தைப் புரட்டினாற் போதும். மேலே ஒரு முகம். கீழே, இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்டவர் என இரண்டு வரி. அவ்விரு ஊர்களுக்கிடையே ஒரு வாழ்நாள் முழுவதும் அடங்கிக் கிடக்கும்.

சென்ற மாதம் வெள்ளவத்தையில் எம் நண்பர் ஒருவரின் தாயார் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிட வேண்டும். முகப்பிலே படமும், உள்ளே திருமுறைப் பாடல்களும் வாழ்க்கை வரலாறும் வம்சாவளியும் கொண்ட அச்சிறு நூல் கல்லிலே வெட்டப்படாவிடினும் அப்பெயரையே தாங்கி நிற்பது பொருத்தமே.

நோயுற்ற முதுமையிற் கைபேசியில் எடுத்த படங்கள் பல இருந்தன. “எங்களை வளர்த்த காலத்து முகந்தான் வேண்டும்” என்றார் நண்பர். அக்காலத்துப் படமோ ஒன்றே ஒன்றுதான். 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு படப்பெட்டியும் எரிந்தபின், அடையாள அட்டைக்கென எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது.

அதனை எடுத்துக்கொண்டு, தந்தையாரும் நண்பரும் நாமுமாகக் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டோம். அக்குடும்பம் சில காலம் வாழ்ந்த அப்பகுதியிலே பழகிய படப்பிடிப்பு நிலையம் ஒன்று உண்டு. காலி வீதியில் பேருந்து விரைந்தது. இங்குள்ள விடுதிகளிலும் கொட்டாஞ்சேனை விடுதிகளிலும் தங்கியிருந்த தமிழர் பலரை 2007 யூன் 7 ஆந் திகதி பொலிசார் பேருந்துகளில் ஏற்றி வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பியதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் எம் நினைவில் எழுந்தன. அந்நாட்களில் அட்டையிலுள்ள பிறப்பிடமே ஒருவரின் தலைவிதியாக இருந்தது.

காலிமுகத்திடலைக் கடந்து, புறக்கோட்டையில் இறங்கி, செட்டியார் தெருவின் நகைக்கடைகளைத் தாண்டி, ஜிந்துப்பிட்டி வழியாக நடந்து கொட்டாஞ்சேனையை அடைந்தோம். கோயில் மணியும் தேவாலய மணியும் ஒருங்கே கேட்கும் இடம் இது.

படப்பிடிப்பாளர் அட்டையை வாங்கி விளக்கருகே பிடித்தார். 1968 ஆம் ஆண்டின் சட்டப்படி 1972 முதல் வழங்கப்பட்டு வரும் அட்டை. கொழும்பிலே பதிந்தோரின் அட்டையில் நெடுங்காலம் சிங்கள எழுத்தே இருந்தது. 2014 இலேதான் நாடெங்கும் தமிழும் சேர்ந்தது. தம் முகத்தின் அருகே தம்மைப் பற்றி எழுதியிருந்ததை அவ்வம்மையாரால் வாசிக்க முடிந்ததில்லை.

“நெற்றி வெறுமையாக இருக்கிறதே, ஐயா. கணினியில் ஒரு பொட்டு வைத்துவிடட்டுமா? ஒரு நிமிட வேலை” என்றார் படப்பிடிப்பாளர்.

நண்பர் உடனே தலையசைத்தார். சுமங்கலியாக மறைந்தவர்; வெறும் நெற்றியோடு கல்வெட்டில் நிற்பதா? ஆனால் தந்தையார் கையமர்த்தினார்.

“வேண்டாம் தம்பி. கலவரத்துக்குப் பிறகு வெளியிலே போகேக்கை அவ பொட்டை அழிச்சுப்போட்டுத்தான் போவா. திரும்பி வந்ததும் முதல் வேலை கண்ணாடிக்கு முன்னாலே நிண்டு வைக்கிறது. படம் அப்படியே இருக்கட்டும். ஏனெண்டு நீ உள்ளுக்கை எழுதிவிடு.”

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பொட்டு வைத்தாற் படம் அழகுபெறும். ஆனால் அஞ்சி வாழ்ந்த அக்காலம் அதிலிருந்து மறைந்துபோகும். படத்தை மட்டும் அச்சிட்டாலோ, பேரப்பிள்ளைகள் அந்நெற்றியைத் தவறாக விளங்கிக்கொள்வர். படமும் எழுத்தும் ஒன்றையொன்று கைப்பிடித்து நின்றாலன்றி அம்மையார் யார் என்பது விளங்காது.

நண்பர் அங்கேயே ஒரு நாற்காலியில் அமர்ந்து எழுதத் தொடங்கினார். பிறப்பிடம் புங்குடுதீவு என எழுதினார். வதிவிடம் என்னுமிடத்தில் வெள்ளவத்தை என்று எழுதி, சற்றே யோசித்து, கொட்டாஞ்சேனையையும் சேர்த்தார். பிறகு ஒரு புது வரியைத் தொடங்கினார்: “அம்மா வீட்டிலே எப்போதும் பொட்டு வைத்திருப்பார்.”

தந்தையார் மூக்குக் கண்ணாடியை அணிந்து அதனை இருமுறை வாசித்தார். பின்னர் அட்டையை வாங்கித் தம் சட்டைப் பையிலே பத்திரப்படுத்திக்கொண்டார்.