ஈயக்கட்டியும் பவளமும்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் கடற்கரைகளுக்குப் பெயரைவிட எண்தான் புழக்கம்: மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர், ஏழாம் நம்பர். 2018 டிசம்பரில் தீவுக்கு சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். ஆட்டோக்காரர் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான்.

இங்கே வந்து இறங்கும் பலருக்கு ஸ்கூபா என்பது அரை மணி நேர விஷயம். பயிற்சியாளர் முதுகுச் சிலிண்டரைப் பிடித்து நடத்திக்கொண்டு போவார், மீன் காட்டுவார், வீடியோ எடுத்துத் தருவார். ஆசைக்கு ஒரு தடவை போகலாம், தப்பில்லை. ஆனால் நீருக்குள் நம்மை நாமே பார்த்துக்கொள்ள அது கற்றுத்தராது. நான் சேர்ந்தது 'ஓபன் வாட்டர்' கோர்ஸில். வகுப்பு, ஆழமில்லாத நீரில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ். முடித்தால் 18 மீட்டர் வரை துணையோடு இறங்கலாம் என்று ஒரு அட்டை கிடைக்கும்.

முதலில் மருத்துவப் படிவம். ஆஸ்துமா, இதயம், காது என்று கேள்விகள் நீளும். லீவு போட்டு, டிக்கெட் எடுத்து வந்தவருக்கு எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடத்தான் கை துடிக்கும். அந்தக் காகிதத்தில் பொய் சொல்வதைப்போல முட்டாள்தனம் வேறில்லை; ஆழம் நுரையீரலைச் சோதிக்கும். 10 மீட்டர் ஆழத்தில் நம் மேல் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் தாங்காது. 'மூச்சை ஒருபோதும் அடக்காதே' என்பது முதல் பாடமாக இருப்பது அதனால்தான்.

சைகைகளும் புதிது. கட்டைவிரலை உயர்த்தினால் 'பிரமாதம்' இல்லை, 'மேலே போவோம்'. எங்களோடு படித்த இளைஞர் ஒருவர் ஒவ்வொரு மீனுக்கும் உற்சாகமாய்க் கட்டைவிரலைக் காட்ட, பயிற்சியாளர் ஒவ்வொரு தடவையும் கண்ணை உருட்டினார்.

பயிற்சியாளர் தூத்துக்குடிக்காரத் தம்பி. மாஸ்க்கில் புகுந்த நீரை மூக்கால் ஊதித் தள்ளுவது, வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரைத் தேடிப் பிடிப்பது, இதெல்லாம் இரண்டாம் நாளே பழகிவிட்டது. அவர் விடாமல் பிடித்துக்கொண்டது, நீரில் அமிழ ஈயக்கட்டிகள் கோத்த இடுப்பு பெல்ட்டை. "ஈயத்தக் கொறைங்கக்கா. எடை கூடுனா மிதக்க ஜாக்கெட்டுல காத்தடிப்பீங்க, காத்தடிச்சா ஒடம்பு நட்டுக்கா நிக்கும், கால் போய் பவளத்துல இடிக்கும்."

அந்த ஒரு வாக்கியத்தில் பொறுப்பான டைவிங் முழுக்க இருக்கிறது. இந்தியாவில் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை எடுத்துப்போவது குற்றம். டைவர்கள் யாரும் உடைக்க வேண்டுமென்று உடைப்பதும் இல்லை. ஆனாலும் உடைகிறது. மான்கொம்பு போல் கிளைத்த பவளத்தின் முனை ஒன்று எங்கள் பாதையில் முறிந்து கிடந்தது. முறிந்த இடம் சுண்ணாம்பாய் வெளுத்து, சுற்றிலும் பழுப்பு. யாருடைய ஃபின்னோ பட்டிருக்க வேண்டும். பட்டது அவருக்குத் தெரிந்தும் இருக்காது. 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளுத்தன. அதைத் தடுப்பது ஒரு டைவரால் ஆகாது; முறிவைத் தடுப்பது ஆகும். முறிந்தது மீள நாளாகும்: பாறைபோல் திரண்ட வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். 'இயற்கையைக் காப்போம்' என்று பனியனில் அச்சடித்துக்கொண்டு ஆறு கிலோ ஈயத்தோடு இறங்குகிறவரைவிட, எதுவும் பேசாமல் நான்கு கிலோவோடு இறங்குகிறவர்தான் பவளத்துக்கு வேண்டியவர்.

எடை சரியாக அமைந்தால் மீதியை மூச்சு பார்த்துக்கொள்ளும். இழுத்தால் ஒரு நொடி தாமதித்து உடம்பு எழும்பும். விட்டால் மெல்லத் தாழும். கை வேண்டாம். கடற்சாமந்திக்குள் புகுந்து எட்டிப் பார்த்த கோமாளி மீன் ஒன்று என் மாஸ்க்கை முட்ட வந்தது. கலங்காத நீரில் அதன் வெள்ளைப் பட்டையின் கருப்பு ஓரம்கூடத் தெரிந்தது. பக்கத்தில் கிளிமீன்கள் பாறையைக் கடிக்கும் சத்தம் கறுக், கறுக் என்று காதில் விழுந்தது.

ஏறும்போது 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகாமல் வெளியேற அந்த அவகாசம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது சலிப்பான வேலை. படகில் அதைச் சொன்னபோது தம்பி சிரிக்கவில்லை. அவர் சித்தப்பா சங்கு குளிக்கிறவர். மேலே படகில் கம்ப்ரஸர் ஓட, வாயில் கவ்விய குழாயோடு இறங்கி, சங்கு இருக்கும்வரை கீழே இருப்பார். "நாப்பது வயசுலயே தோள்பட்டையத் தூக்க மாட்டாருக்கா. மூணு நிமிஷம் நில்லுன்னு அவருக்கு யாரும் சொல்லல." முத்துக்கும் சங்குக்கும் தலைமுறை தலைமுறையாய்க் கடலுக்குள் போனவர்களை இந்தப் படிப்பு தேடிப் போகவில்லை, விடுமுறைக்கு வந்த என்னைத் தேடி வந்திருக்கிறது.

தொடர்ந்து பல நாள் டைவ் செய்தால், விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடைசி நாளை ஏழாம் நம்பர் மணலில் நடந்தே கழித்தேன்.

அட்டைக்குக் காலாவதி இல்லை. வருடக்கணக்கில் நீரில் இறங்காதவரும் அதை நீட்டலாம். அந்த ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு டைவையும் குறித்துவைக்கும் லாக்புக்தான் உண்மை பேசும். என் கடைசிப் பக்கத்தில் தம்பி முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டு, கீழே எழுதியிருக்கிறார்: 'ஈயம் 5 கிலோ. அடுத்த தடவை 4 போட்டுப் பார்க்கவும். சிலிண்டர் காலியாகும்போது 2 கிலோ எடை குறையும், அதையும் கணக்கில் வைக்கவும்.'