பகல்ல வீட்ல இருக்கிறவங்க

ஆஃபர் லெட்டர் வந்த அன்னைக்கு நாம என்னென்ன பண்ணுவோம்னு உங்களுக்கே தெரியும். ஸ்டேட்டஸ் போடுவோம், ட்ரீட் கொடுப்போம், ரெண்டு நாள் கேன்டீன்ல பெரிய மனுஷங்க மாதிரி நடப்போம். மூணாவது நாள் வீட்டிலிருந்து ஒரு கேள்வி வரும்: "சரி, தங்குறது எங்க?" ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து பிஜியில் தங்கப் போறவங்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. ஆனா நம்ம பேட்ச்லயே, வேலையில் சேரும்போது குடும்பத்தையும் சென்னைப் பக்கம் கூட்டிட்டுப் போகப் போறவங்க சிலர் இருக்காங்க. நானும் அதில் ஒருத்தி. நீங்களும் அப்படின்னா, இதைப் படிங்க. நான் பண்ணின தப்பை நீங்க திரும்பப் பண்ண வேண்டாம்.

எங்க ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிட்டு இருந்தார். போன தீபாவளி வியாபாரத்தோட அந்தக் கடையை மூடிட்டாங்க. சொந்தக்காரர் ஒருத்தர் மூலமா கிண்டியில் ஒரு குடோன்ல அவருக்குக் கணக்கு வேலை அமைஞ்சது. எனக்கு வேலை சிறுசேரியில். தம்பி பத்தாவது எழுதியிருக்கான். அம்மா வீட்லயே ஜாக்கெட் தைப்பாங்க. நாலு பேரும் ஒரே வீட்ல இருக்கிறதுன்னு முடிவாச்சு. எந்த ஊர்ல வீடு பார்க்கிறதுன்னு கண்டுபிடிக்கிற பொறுப்பு என்கிட்ட வந்தது. "நீதான் படிச்ச பிள்ள, கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லும்மா"ன்னார் அப்பா.

நாம எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணினேன். எக்ஸெல் ஷீட்டைத் திறந்தேன்.

ஷீட்டைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி சென்னையோட தெற்குப் பக்கத்தைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். அங்க ரெண்டு பெரிய ரோடு கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்துல தெற்கே போகுது. ஒண்ணு ஜி.எஸ்.டி. ரோடு. அதை ஒட்டியே மின்சார ரயில் ஓடுது. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரைக்கும் 1931லயே மின்சார ரயில் வந்துடுச்சு. இன்னைக்கு அதே பாதையில் செங்கல்பட்டு வரைக்கும், சுமார் 60 கிலோமீட்டர், லோக்கல் வண்டி போகுது. இன்னொண்ணு ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனி எல்லாம் அங்கதான். ஆனா சிறுசேரி வரைக்கும் ரயில் கிடையாது. பறக்கும் ரயில் அந்த ரோட்டோட தொடக்கத்தைக் கொஞ்சம் தொட்டுட்டு வேளச்சேரிப் பக்கம் திரும்பிடும். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் மெட்ரோ வேலை நடக்குது. ஆனா கட்டி முடிக்காத ரயிலை நம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியாது.

அப்பாவோட கிண்டி ரயில் பாதையில் இருக்கு. என்னோட சிறுசேரி ஓ.எம்.ஆர்ல இருக்கு. ரெண்டையும் இணைக்கிற குறுக்கு ரோடுகள் கொஞ்சம்தான். எங்களுக்கு உபயோகப்படுறது வண்டலூர் – கேளம்பாக்கம் ரோடும், அதுக்கும் தெற்கே செங்கல்பட்டு – திருப்போரூர் ரோடும். இப்படி ஒரு வீட்ல ரெண்டு பேர் ரெண்டு திசையில் வேலைக்குப் போனா, ஊர் தேடுறது ஒரு ஆப்டிமைசேஷன் ப்ராப்ளம் மாதிரியே தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிஞ்சது.

ஊர் ஒவ்வொண்ணும் ஒரு வரிசை: சோழிங்கநல்லூர், கேளம்பாக்கம், தாம்பரம், முடிச்சூர், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு. காலம் எல்லாம்: வாடகை, அட்வான்ஸ், அப்பாவோட பயண நேரம், என்னோட பயண நேரம், தம்பிக்கு ஸ்கூல், சீசன் டிக்கெட் செலவு. ஒவ்வொண்ணுக்கும் வெயிட்டேஜ். கூட்டிப் பார்த்தா கூடுவாஞ்சேரி முதல் இடம். அப்பாவுக்கு நேரா கிண்டிக்கு ரயில். எனக்கு வண்டலூர் வந்துட்டா கம்பெனி பஸ். வாடகையும் கைக்கு எட்டுற மாதிரி. பெருமையா இருந்துச்சு.

அப்பாவும் நானும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிளம்பிப் போய்ப் பார்த்தோம். அது முதல் தப்பு. சனிக்கிழமை மத்தியானம் எந்த ரயில்லயும் உட்கார இடம் கிடைக்கும், எந்த ரோட்லயும் பஸ் சீக்கிரம் போகும். நீங்க வாழப் போறது திங்கட்கிழமை காலைல. அதனால திங்கட்கிழமை காலைல போய்ப் பாருங்க.

அதே நாள்ல முடிச்சூர் பக்கமும் போனோம். வாடகை குறைவா இருந்துச்சு. புரோக்கர்கிட்ட நான் ஷீட்ல இருந்த கேள்வியெல்லாம் கேட்டேன். அப்பா ஒண்ணும் பேசல. திரும்பும்போது ஒரு டீக்கடையில் நின்னு, "2015ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணே?"ன்னு கேட்டார். கடைக்காரர் பேசவே இல்லை. தன் நெஞ்சுக்கு நேரா கையை வச்சுக் காட்டினார். 2015 டிசம்பர் வெள்ளத்துல அடையாறு ஓரமா இருந்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதியெல்லாம் மூழ்கினதை அப்பா டி.வி.யில் பார்த்து ஞாபகம் வச்சிருக்கார். எனக்கு அப்போ பத்து, பதினோரு வயசு. என் ஷீட்ல வெள்ளத்துக்கு காலமே இல்லை. வீடு காட்டுறவங்க சொல்றதை மட்டும் கேட்காதீங்க. அந்தத் தெருவுல பத்து வருஷமா கடை வச்சிருக்கிறவங்ககிட்ட ஒரு டீ குடிச்சுட்டுக் கேளுங்க. மழை, தண்ணி லாரி, போர் தண்ணியோட உப்பு எல்லாத்துக்கும் பதில் அங்கதான் கிடைக்கும்.

ரெண்டாவது தடவை நான் மட்டும் திங்கட்கிழமை காலைல போனேன். ஏழரை மணிக்குக் கூடுவாஞ்சேரியில் லேடீஸ் கோச்ல ஏறினேன். ஏறினேன்னு சொல்றது தப்பு, பின்னாடி இருந்தவங்க ஏத்தி விட்டாங்க. செங்கல்பட்டிலிருந்து வர்ற வண்டி அது. அங்க ஏறினவங்க உட்கார்ந்திருந்தாங்க. கூடுவாஞ்சேரிக்கு வரும்போது நிக்கிறதுக்குத்தான் இடம். கூகுள் மேப்ஸ் ரெண்டு ஊருக்கும் நிமிஷக் கணக்குச் சொல்லும். ஆனா அது உட்கார்ந்து போற நிமிஷமா, ஒத்தைக் கால்ல நின்னுட்டுப் போற நிமிஷமான்னு சொல்லாது. அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. அவருக்கு இது ரெண்டும் வேற வேற.

இன்னொண்ணும் அன்னைக்குத்தான் புரிஞ்சது. நிறைய வண்டி தாம்பரத்தோட நின்னுடும். தாம்பரத்துக்குத் தெற்கே வீடு பார்க்கிறீங்கன்னா, கடற்கரையிலிருந்து எத்தனை வண்டி இருக்குன்னு பார்க்காதீங்க. உங்க ஸ்டேஷன் வரைக்கும் எத்தனை வண்டி வருது, ராத்திரி கடைசி வண்டி எப்போன்னு பாருங்க. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ எவ்வளவுன்னும் கணக்குப் போடுங்க. ஒரு தடவைக்கு 20 ரூபாய்னா, போக வர ஒருத்தருக்கு மாசம் 25 நாளைக்கு 1,000 ரூபாய். ஸ்டேஷன்லேர்ந்து தள்ளிப் போனா வாடகையில் மிச்சம்னு நினைக்கிறதுல பாதி இதுலயே போயிடும்.

இதையெல்லாம் சேர்த்து ஷீட்டைத் திருத்தினேன். அப்பவும் கூடுவாஞ்சேரிதான் முன்னாடி நின்னுச்சு. ஸ்டேஷன்லேர்ந்து மூணு கிலோமீட்டர் தள்ளி, புது மனைப்பிரிவுல, ரெண்டாவது மாடியில் ஒரு வீடு. வாடகை 9,000. சுத்தி பாதி மனை காலியா இருக்கு. அமைதியான இடம். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட போட்டோ காட்டினேன்.

அம்மா எல்லாப் போட்டோவையும் பார்த்துட்டு ஒரு கேள்விதான் கேட்டாங்க. "பாப்பா, நீங்க மூணு பேரும் காலைல கிளம்பிப் போயிட்டா, பகல்ல இந்தத் தெருவுல யாரு இருப்பா?"

எனக்குக் கேள்வி புரியல. "யாரு இருந்தா என்னம்மா? நீ வீட்லதானே இருக்கப் போற"ன்னு சொல்லிட்டேன்.

அம்மா திரும்பப் பேசல. எழுந்து போய் மெஷின்ல உட்கார்ந்தாங்க. அடுத்த நாள் அப்பாதான் சொன்னார்: "கடை மூடினப்புறம் இந்த நாலு மாசம் வீட்ல அரிசி வந்தது எதுலன்னு நினைச்ச?"

எங்க வீட்டு வாசல்ல போர்டு எல்லாம் கிடையாது. ஆனா எங்க தெரு, பக்கத்துத் தெரு, அம்மாவோட அளவு நோட்டுல இல்லாத ஆளே இல்லை. பதினஞ்சு வருஷமா சேர்த்த கஸ்டமர். மாசம் 7,000, 8,000 வரும். கல்யாண மாசம்னா இன்னும் கூட. என் ஹாஸ்டல் ஃபீஸ் எத்தனையோ தடவை அந்த நோட்டுக்குள்ள இருந்துதான் வந்திருக்கு. ரெண்டாவது மாடி, காலி மனை, பகல்ல ஆள் நடமாட்டம் இல்லாத தெரு. அங்க யார் ஜாக்கெட் துணியோட படியேறி வருவாங்க? நான் வாடகையில் 3,000 மிச்சம் பிடிக்கிறதுக்காக ஒரு ஆளோட வேலையையே மூடப் பார்த்திருக்கேன். அப்பாவோட கடையை மூடினப்போ வீட்ல எல்லாரும் வருத்தப்பட்டோம். அம்மாவோடதை மூடும்போது அது ஒரு வேலைன்னே எனக்குத் தோணல. நான் வெயிட்டேஜ் தப்பா போடல. அந்தக் காலமே போடல.

இதுதான் நான் உங்ககிட்ட சொல்ல வந்தது. ரயில் பிடிச்சு வேலைக்குப் போறவங்க ஒரு ஊரைத் தேடும்போது, அந்த ஊர்ல தாங்க இருக்கப் போறது எவ்வளவு நேரம்னு யோசிக்கிறதே இல்லை. காலைல ஏழு மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டரைக்கு வர்றவங்களுக்கு அந்த ஊர் தூங்குற இடம், அவ்வளவுதான். அங்க நிஜமா வாழப் போறது, பகல் முழுக்க அங்கயே இருக்கிறவங்க. ஆனா ஊரைத் தேர்ந்தெடுக்கிறது நாம. போய்ப் பார்க்கிறதும் நாம.

மூணாவது தடவை அம்மாவையும் தம்பியையும் கூட்டிட்டுப் போனோம். இந்தத் தடவை நான் பேசல. கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கத்துக் கடைத்தெரு அம்மாவுக்குப் பிடிச்சது. ஆனா அங்க கேட்ட வாடகை எங்களால முடியாது. அப்புறம் செங்கல்பட்டு. அது மின்சார ரயிலை நம்பி உருவான ஊர் இல்லை, பழைய ஊர். 2019ல தனி மாவட்டமானப்போ அதுதான் தலைநகரம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, கோர்ட்டு இருக்கு, கடைவீதி இருக்கு. வேலைக்குப் போறவங்க எல்லாம் ரயில் ஏறிப் போனப்புறமும் ஊர்ல ஆள் இருப்பாங்க.

அம்மா முதல்ல வீடு பார்க்கல. லைனிங் துணி, ஹூக், நூல் விக்கிற கடைக்குள்ள போனாங்க. ஒரு முழு நூல்கண்டு வாங்கிட்டு, "இங்க லைனிங் வச்சு ஜாக்கெட் தைக்க எவ்வளவு வாங்குறாங்க?"ன்னு கேட்டாங்க. கடைக்கார அக்கா தொகையைச் சொல்லிட்டு, நல்லாத் தைக்கிறவங்க கிடைக்கிறதே கஷ்டம்னாங்க. அஞ்சு நிமிஷத்துல அம்மா கண்டுபிடிச்ச விஷயம் என் ஷீட்ல எந்த மூலையிலும் இல்லை. சாயங்காலத்துக்குள்ள ஒரு வீடு கிடைச்சது. தரைத்தளம், தெருவைப் பார்த்த திண்ணை, வாடகை 10,500. தம்பிக்கு ஸ்கூல் நடக்கிற தூரம். வண்டி அங்கதான் புறப்படுது, அதனால அப்பா காலைல உட்கார்ந்தே கிண்டி போகலாம். ஊருக்குப் போற பொதிகை எக்ஸ்பிரஸும் அங்க நிக்கும்.

நஷ்டம் எனக்குத்தான். செங்கல்பட்டுக்குக் கம்பெனி பஸ் வராது. திருப்போரூர் வழியா பஸ் மாறிப் போகணும். நானே ஒரு நாள் போய்ப் பார்த்தேன், ஒரு மணி முப்பத்தஞ்சு நிமிஷம். கூடுவாஞ்சேரியை விட ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் அதிகம். மாசம் 22 நாள் வேலைன்னா 22 மணி நேரம். கிட்டத்தட்ட ஒரு முழு நாள் பஸ்ல போகும். இதைப் பெரிய தியாகம்னு நினைச்சு எழுதல. முதல் மாசமே நான் புலம்புவேன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் வேலை மாறலாம், கம்பெனி வேற இடத்துக்கு மாறலாம், ஒரு நாள் மெட்ரோவும் வரலாம். அம்மா பதினஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி முதல் கஸ்டமர்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுக்கு ஆள் நடமாடுற ஒரு தெருவாவது வேணும்.

நீங்களும் ஷீட் போடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஊர் பேரை எழுதுறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கிற எல்லார் பேரையும் எழுதுங்க. ஒவ்வொருத்தரும் காலை பத்து மணிக்கு எங்க இருப்பாங்க, என்ன பண்ணுவாங்கன்னு பக்கத்துல எழுதுங்க. "வீட்ல இருப்பாங்க"ன்னு மட்டும் எழுத வேண்டிய பேர் ஏதாவது இருந்தா, அங்க நிறுத்திட்டு அவங்ககிட்டயே போய்க் கேளுங்க.

மே கடைசியில் சாமான் ஏத்துறோம். அந்தப் போட்டோ காட்டின நாளைப் பத்தி அம்மா இதுவரை ஒண்ணும் சொன்னதில்லை, நானும் இன்னும் சாரி கேட்கல. போன வாரம் ஊர்லேர்ந்து ஃபோன் பண்ணினாங்க. செங்கல்பட்டு வீட்டுக்கு ஒரு போர்டு எழுதணுமாம், இங்கிலீஷ்லயும் எழுதினா நல்லா இருக்குமான்னு கேட்டாங்க. நானே டிசைன் பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்கேன்.