துறைமுகம் தந்த இரு கலைகள்

2023 ஆம் ஆண்டு, அண்ணன் பணிபுரியும் புவெனஸ் அயர்ஸ் நகருக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். அர்ஜென்டினாவின் தலைநகராகிய அங்கே, லா போக்கா என்பது பழைய துறைமுகப் பகுதி. பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த இத்தாலிய ஏழைகள் தகர வீடுகளில் வாழ்ந்த இடம். அவர்தம் பிள்ளைகள் 1905 இல் தொடங்கிய கால்பந்துச் சங்கமே போக்கா ஜூனியர்ஸ். 1940 இல் திறக்கப்பட்ட அதன் அரங்கைப் ‘பொம்பொனேரா’, அதாவது மிட்டாய்ப் பெட்டி என்கின்றனர். செங்குத்தாக எழும் பார்வையாளர் படிகளைக் கண்டு தம்பி வியந்து நின்றான். குடிசைப் பகுதியில் வளர்ந்த மாரடோனா 1981 இல் ஆடிய மண்ணன்றோ அது!

அருகே கமினிட்டோ தெருவில் டாங்கோ நடனம். ஆணும் பெண்ணும் அணைத்தாடக் கண்ட அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இவ்வூர்ச் செல்வர்களும் ஒருகாலத்தில் இப்படித்தான் திருப்பிக்கொண்டார்கள், அம்மா. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு பாரிஸ் நகரம் கொண்டாடிய பிறகே தங்கள் கூடங்களில் இதை ஆடவிட்டார்கள்” என்றான் அண்ணன். 2009 இல் யுனெஸ்கோ அதனை மனிதகுல மரபுச் செல்வமாக ஏற்றதையும் சொன்னான்.

அம்மா மெல்லத் திரும்பி, ஆடுவோரின் கால்களையே நெடுநேரம் பார்த்திருந்தார். பிறகு, “அடுத்த வீட்டார் சொல்லித்தானா நம் பிள்ளையின் அருமை நமக்குத் தெரிய வேண்டும்?” என்றார்.

நண்பர்களே, கலையின் தகுதியை அது பிறந்த தெருவைக் கொண்டா அளப்பது?