வாசலில் நின்ற பாட்டு

மட்டக்களப்பு வாவியின் வடபால், சந்திவெளியை அடுத்துள்ள கிரானிலே கூத்தென்றால் விடியும்வரை களரியைச் சுற்றி ஊரே அமர்ந்திருக்கும். மத்தளத்திலே தாளக்கட்டுப் பிழைத்தால் பாய்விரித்திருக்கும் கிழவிகூட முகஞ்சுளிப்பாள். அத்துணைச் செவிநுட்பம் வாய்ந்த மட்டக்களப்புத் தமிழகத்திலேதான், சாவீட்டிற்கும் கோயிற் சடங்கிற்கும் பறைமேளத்தை வேண்டியழைத்து, அடிப்பவரை வாசலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கமும் நெடுங்காலம் நிலவிற்று. இப்பகுதியார் ஒருவர் கே. ஏ. குணசேகரனின் ‘வடு’வைப் படிப்பாராயின், அஃது அயலாரின் கதையாக அவருக்குத் தோன்றாது.

சிவகங்கை மாவட்டத்து இளையான்குடிப் பகுதியில் 1955இல் பிறந்த குணசேகரன், இன்குலாப் இயற்றிய ‘மனுசங்கடா’ பாடலைத் தமிழ்நாட்டு மேடைகளெங்கும் ஒலிக்கச்செய்தவர். பேராசிரியராகவும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவன இயக்குநராகவும் விளங்கியவர். ஆயினும் 2005இல் வெளிவந்த இத்தன்வரலாறு புகழின் கதையன்று. பசியும் பள்ளியுமே அதன் பெரும்பகுதி. உதவித்தொகைக்கெனச் சாதிப்பெயர் கூறி வகுப்பிலே எழுந்துநிற்கச் செய்தபோது சிறுவனொருவன் கூனிக்குறுகியதை அவர் பேச்சுத்தமிழில், அழுகையின்றிச் சொல்கிறார். அழாமையினாலேயே அது நெஞ்சைத் தைக்கிறது. முஸ்லிம்கள் மிகுந்த இளையான்குடியிலே சாதி அவ்வளவாக உறுத்தவில்லை, சுற்றுக்கிராமங்களுக்குச் சென்றபோதே வழிமறித்தது என அவர் குறிப்பது, இரு சமூகத்தாரும் அயலயலே வாழும் மட்டக்களப்பிலே ஊன்றிப் படிக்கற்பாலது.

அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹொலிடேயின் 1956ஆம் ஆண்டுத் தன்வரலாற்றை இதனோடு சேர்த்தெண்ணத் தோன்றும். 1938இல் வெள்ளையரான ஆர்ட்டி ஷோவின் குழுவிலே பாடிய அவரை, நியூயோர்க் ஹோட்டலொன்று சரக்கேற்றும் லிப்டிலே போகப் பணித்தது. பாட்டைக் கேட்க வந்தோர் ஏறிய லிப்ட் பாடியவருக்கு இல்லை! அந்நூலை வில்லியம் டஃப்டியுடன் சேர்ந்தே அவர் உருவாக்கினார். பெற்றோரின் திருமணம் முதலாய சில செய்திகள் பிழையென்பதும் பின்னர் தெரியவந்தது. எனினும் லிப்டின் கதவு பொய்யன்று.

குணசேகரன் 2016 சனவரியில் மறைந்தார். தமிழ்நாட்டிலே அவர்போன்றோர் பறையை உரிமைக்குரலாக ஏந்தினர். மட்டக்களப்பிலோ நிலைமை சிக்கலானது. பறைமேளக் கூத்தைக் கலையெனப் போற்றி மேடையேற்ற அறிஞர் சிலர் முயன்றனர். பறையடிப்போரின் பிள்ளைகள் பலரோ, இழிவைச் சுமத்திய அதே கருவியைத் தொடமாட்டோம் என்று விலகினர். கலை அழிகிறதே என வருந்துவோர், அப்பிள்ளைகளைத் தம் வீட்டு விறாந்தையிலே கதிரை போட்டு இருத்தியதுண்டா?