கூப்பு ரோடு



நம் பாலிடெக்னிக்கில் சேர வந்த அன்று, விண்ணப்பத்தில் 'குடும்பத் தொழில்' என்ற கட்டத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன். அது பொய். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. அம்மா கயிறு மில்லில் வேலை. என்னை வளர்த்த அப்புச்சி டாப்சிலிப் மலையில் கூப்புக் கூலியாக இருந்தவர். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த எனக்கு அதை எழுதக் கூச்சம். அந்தக் கூச்சம் எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கூப்பு என்றால் மரம் வெட்டுவதற்காக வனத்துறை அளந்து ஒதுக்கும் காடு. வெட்டிய மரத்தை இறக்கப் போட்ட மண் பாதை கூப்பு ரோடு. ஆனைமலைத் தேக்கு 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்ட பம்பாய் வரை போனது. பிறகு ரயில் தண்டவாளத்துக்குக் கட்டையாகவும் போனது. மேலிருந்து மரங்களைச் சரிவில் சறுக்கி விட்டதால்தான் 'டாப்சிலிப்' என்ற பெயரே வந்தது! அழிந்த தேக்குக் காட்டை மறுபடி வளர்த்த ஹியூகோ உட் என்ற அதிகாரியின் சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. 1976-ல் அந்தக் காடு சரணாலயம் ஆனது, 2007-ல் புலிகள் காப்பகம் ஆனது. கூப்பு நின்றது. ரோடுகளைக் காடு திரும்ப எடுத்துக்கொண்டது.

சென்ற டிசம்பரில் நமது நாட்டு நலப்பணித் திட்ட முகாம் சேத்துமடையில் நடந்தது அல்லவா? அப்போது ஒரு நாள் வனத்துறை அனுமதியோடு, வாட்சர் அண்ணன் முன்னே நடக்க, ஒரு மலைக்குப் போனோம். (2018-ல் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் மாண்டதை மறந்து, அனுமதியில்லாமல் யாரும் காட்டுக்குள் போய்விடாதீர்கள்.) அந்த மலைக்குப் பெயர்ப் பலகை இல்லை. சுற்றுலாப் பயணிகளும் வருவதில்லை. ஆனால் அப்புச்சிக்குத் தெரியும். "மூணாவது வளைவு தாண்டுனா கல்லடுக்குன மதகு ஒண்ணு இருக்கும் கண்ணு. நாங்க கட்டுனது. இன்னும் இருக்குதான்னு பாத்துட்டு வா" என்று சொல்லி அனுப்பினார்.

உண்ணிச்செடி இரண்டு பக்கமும் மூடிக் கிடந்தது. அட்டைக் கடிக்கு உப்பும் புகையிலையும் துணியில் முடிந்து வைத்திருந்தோம். வழியெல்லாம் யானை லத்தி. "யானையும் இந்த ரோட்டுலதான் தம்பி நடக்கும். மூச்சு வாங்காத வழி அதுக்குத் தெரியும்" என்றார் வாட்சர் அண்ணன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மணி நேரம் ஏறியும் எங்களுக்கும் மூச்சு வாங்கவில்லை! பாதித் தண்ணீர் உள்ள பாட்டிலைக் கண்ணுக்கு நேரே படுக்க வைத்து, தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் பார்த்தேன். இருபது மீட்டர் தள்சி மேலே நின்ற நண்பனின் முழங்காலில் பார்வை பட்டது. என் கண் உயரம் ஒன்றரை மீட்டர், அவன் முழங்கால் அரை மீட்டர். ஆக, ஏற்றம் 1 மீட்டர். 20-க்கு 1! மலைச்சாலைக்கு நம் புத்தகம் சொல்லும் அதே கணக்கு. மூன்று இடத்தில் பார்த்தேன். மூன்றிலும் முழங்கால்தான். நான் சர்வே பேப்பரில் கோட்டை விட்ட பாடமும் இதேதான். அரியர் வைத்தவனுக்கு அந்த ரோடு பாடம் நடத்தியது.

மதகு இருந்தது. சிமெண்டு கிடையாது, வெறும் கல்லடுக்கு. பாசி படிந்து, வேர் நுழைந்து, அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

உச்சியில்? ஒன்றுமே இல்லை! சுற்றிலும் மரம். ஒரு இடைவெளியில் மட்டும் பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்புகள் கொஞ்சம் தெரிந்தன. "இதுக்காடா இவ்வளவு தூரம்?" என்றான் நண்பன். நான் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மதகைப் பற்றிச் சொன்னேன். அப்புச்சி வெற்றிலையை மென்றுகொண்டே பேசினார். "எனக்கு அப்ப உன் வயசு, பதினெட்டு. ஒத்தக் கம்புல ஒரு குழாய் தொங்கும். ஆபீசர் ஒரு கண்ணை மூடிட்டு அதுல பாப்பாரு. நான் தூரத்துல பலகையைப் புடிச்சுட்டு நிப்பேன். மேல போ, கீழ போம்பாரு. அவரு போதும்னு சொல்ற எடத்துல முளைக்குச்சி அடிப்போம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது சிலோன் காட் டிரேசர்! நம் சர்வே லேப் பீரோவில் இருக்கிறதே, அதே கருவி. நான் ஒரு நாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. நோட்டை எடுத்துப் படம் போட்டு, குழாயைக் குறித்த சரிவில் நிறுத்திப் பார்ப்பதையும், பலகை அந்தப் பார்வையில் விழும் இடத்தில் ரோடு போவதையும் விளக்கினேன். அப்புச்சி வெகுநேரம் படத்தையே பார்த்தார்.

"மேல போ, கீழ போன்னு எதுக்குச் சொன்னாருன்னு அம்பது வருசமாத் தெரியாமயே இருந்துச்சு கண்ணு" என்றார்.

நண்பர்களே, நம்மில் பல பேர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். நம் வீட்டில் முதலில் வேலை தெரிந்தவர்கள் நாம் இல்லை. அவர்களுக்கு யாரும் காரணம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரலில் அரியர் எழுதுகிறேன். குடும்பத் தொழிலை இந்த மலரில் திருத்திக்கொள்கிறேன்: கூப்பு ரோடு போட்டவர்கள்.

– மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை